ப்ராசஸர் 30 சதவீதம்தான் ஓடுகிறது, அப்புறம் ஏன் கேம் திக்குகிறது?

ஜூன் 2, வாசகர் கேள்வி

"6 கோர் ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். கிராபிக்ஸ் கார்டை போன வருடம்தான் மாற்றினேன். நகரம் கட்டும் கேமில் ஜனத்தொகை ஏறினாலும் சரி, ஷூட்டரில் ஆள் கூடினாலும் சரி, 55 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 55 ஃபிரேம், அதாவது படம்) இறங்கிவிடுகிறது. டாஸ்க் மேனேஜர் ப்ராசஸரை 30 சதவீதம் என்றுதான் காட்டுகிறது. ஆகவே ப்ராசஸர் மேல் தப்பில்லை, விண்டோஸ்தான் எங்கோ பிடித்து வைத்திருக்கிறது. எந்த செட்டிங்கை மாற்றுவது?"

ஜூன் 2, இரவு 11:40

அந்த 30 சதவீதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 6 கோர் என்றால் விண்டோஸுக்கு அது பெரும்பாலும் 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய 12 வேலை வரிசை. அதில் ஒன்று மட்டும் முழு மூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் வெறும் 8.3 சதவீதம்தான் ஏறும். பெரும்பாலான கேம்களில் மெயின் த்ரெட் என்று ஒன்று உண்டு. அது தன் வேலையை முடித்துக் கொடுத்தால்தான் மற்றவற்றுக்கு வேலை வரும். அது திணறும்போது மற்ற பதினொன்றும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் பார்க்கும் 30 என்பது இந்த இரண்டையும் கலந்த சராசரி.

ஒவ்வொரு கோருக்கும் தனி வரைபடம் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது. விண்டோஸ் அந்த ஒரு த்ரெட்டை ஒரே கோரில் உட்கார விடாமல் அங்கும் இங்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் எந்தக் கோரும் 100 தொடாது, ஆனால் அந்த த்ரெட்டுக்கு ஒரு நொடிகூட ஓய்வு இருக்காது.

பார்க்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டின் சதவீதத்தை. திக்கும் இடத்தில் அது 95க்கு மேல் இருந்தால் கார்டுதான் எல்லை. 60, 65 என்று நின்றால் கார்டு எதற்காகவோ காத்திருக்கிறது. இன்னொரு சோதனை: அதே இடத்தில் நின்று ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் கார்டு மேல் பழி போட முடியாது.

ஜூன் 3

கூடவே ஒன்று. டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட் 144 என்று இருக்கிறதா? கேபிள் மாற்றிய பிறகு என் மானிட்டர் ஒரு மாதம் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடியது. கேம் வேகமாகத்தான் இருந்தது, திரைதான் காட்டவில்லை.

ஜூன் 5

பதில் வந்தது. 1080பி-யில் 55, 720பி-யில் 57. கார்டு 58 சதவீதம். ரேம் ஒற்றை ஸ்டிக்கா என்று கேட்டேன், இரண்டு 8 ஜிபி என்றார். சரி, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எஃப்பிஎஸ்ஸை மில்லிசெகண்டாக மாற்றிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 144 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 6.9 மில்லிசெகண்ட். இவருக்கு ஆவது 18.2. அந்த நேரத்துக்குள் நகரத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆளும் அடுத்து எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எந்த வண்டி எதன் மேல் மோதுகிறது, எந்தக் கட்டடம் திரையில் தெரிகிறது என்று எல்லாவற்றையும் ப்ராசஸர் கணக்குப் போட்டு, "இதை வரை, இதை வரை" என்று கார்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டளை அனுப்ப வேண்டும். டைரக்ட்எக்ஸ் 11 (கேம் கார்டோடு பேசப் பயன்படுத்தும் மொழி) கேம்களில் அந்தக் கட்டளை வேலை பெரும்பாலும் ஒரே த்ரெட்டின் தலையில் விழும். 2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12-உம் 2016-இல் வந்த வல்கனும் அதைப் பல த்ரெட்டுக்குப் பிரித்துக் கொடுக்க வழி செய்தன. ஆனால் ஆள் நகர்ந்த பிறகுதான் கதவு திறக்க வேண்டும் என்பது போன்ற வேலையை எந்த டைரக்ட்எக்ஸும் பிரித்துத் தராது.

ஜூன் 8

இவர் கேட்டது விண்டோஸ் செட்டிங் பற்றி. என்னிடமும் ஏஎம்டியின் 6 கோர் ப்ராசஸரான ரைசன் 5 5600 இருப்பதால் உட்கார்ந்து சோதித்தேன். முதலில் கை வைத்தது மெமரி இன்டெக்ரிட்டி. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன். அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, அதே நகரத்தை ஓட்டினேன். 1 சதவீத லோ (மிக மெதுவான ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) 56-இலிருந்து 61 ஆனது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

ஏன் பாதிக்கிறது என்றால், இது விண்டோஸின் உள்பகுதியான கெர்னலை, ஹைப்பர்வைசர் என்ற கீழடுக்கு மென்பொருளின் மேல் வைத்துக் காவல் காக்கும் ஏற்பாடு. கெர்னலுக்குள் ஓடப்போகும் ஒவ்வொரு டிரைவரும் சரியானதுதானா என்று வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். காவலுக்கு ஒரு விலை உண்டு, பழைய ப்ராசஸர்களில் அது அதிகம். புதிதாக விண்டோஸ் 11 போட்ட கணினிகளில் பெரும்பாலும் இது தானாகவே ஆன் ஆகியிருக்கும். கேம் ஆடுகிறவர்கள் வேண்டுமானால் இதை அணைத்துக்கொள்ளலாம், ஆடி முடித்ததும் மறுபடி ஆன் செய்யுங்கள் என்று 2022-இல் மைக்ரோசாஃப்டே எழுதியது.

ஜூன் 9

நேற்று எழுதியதற்கு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். பாதுகாப்பைக் குறைக்கச் சொல்லலாமா என்கிறார். அவர் சொல்வது சரி. அதே கணினியில் பணப் பரிமாற்றம், ஆபீஸ் வேலை எல்லாம் செய்கிறீர்கள் என்றால் அணைக்காதீர்கள். சில கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளும் இது ஆன் ஆக இருக்க வேண்டும் என்று கேட்கும்.

ஜூன் 15

ஜூன் 8-இல் எழுதியதைத் திருத்துகிறேன். ஆன் செய்து ஒரு முறை, அணைத்து ஒரு முறை, இப்படித்தான் அன்று அளந்தேன். அது போதாது. இந்த வாரம் இரண்டையும் ஐந்தைந்து முறை ஓட்டினேன். எந்த செட்டிங்கையும் தொடாமல் ஓட்டினாலே 1 சதவீத லோ 55-க்கும் 60-க்கும் நடுவில் ஆடுகிறது. முதல் ஓட்டம் எப்போதும் மோசம், ஏனென்றால் ஷேடர்களை (கார்டில் ஓடும் சின்ன வரைகலை நிரல்கள்) கேம் அப்போதுதான் தயார் செய்துகொண்டிருக்கும். அன்று ஆன் செய்து ஓட்டியது அந்த முதல் ஓட்டம்! ஐந்தின் சராசரியை எடுத்தால் மெமரி இன்டெக்ரிட்டியால் என் கணினியில் வந்த வித்தியாசம் இரண்டு எஃப்பிஎஸ். அன்று எழுதியதை நம்பி அணைத்தவர்கள் மறுபடி ஆன் செய்துகொள்ளுங்கள்.

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே சேவ் ஃபைல். கேமரா ஒரே இடம். ஒரே 60 நொடி. முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரௌசரை மூடுங்கள். கேப்ஃபிரேம்எக்ஸ் அல்லது பிரசன்ட்மான் இரண்டுமே இலவசம், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று எழுதி வைக்கும். சராசரியைவிட 1 சதவீத லோவைப் பாருங்கள். நூறு ஃபிரேமில் மிக மெதுவான ஒன்று எப்படி இருந்தது என்பதுதான் கண்ணுக்கு உறுத்துகிறது. சராசரி 90 காட்டும் கேமில் நொடிக்கு ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட் எடுத்தால், கையில் அது 90 போல இருக்காது.

ஜூன் 16, விடியற்காலை 1:15

தூக்கம் வரவில்லை, எழுந்து வந்து எழுதுகிறேன். ஐந்து முறை ஓட்டியும் என் எண்கள் மொத்தத்தில் குறைவாக இருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனேன். வலது பக்கம் கீழே சின்ன எழுத்தில் வேகம்: 2133. நான் வாங்கியது 3200.

ஏப்ரலில் மதர்போர்டுக்கு பயாஸ் (அதன் அடிப்படை மென்பொருள்) அப்டேட் போட்டேன். அப்டேட் எல்லா செட்டிங்கையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விட்டது, மெமரி ப்ரொஃபைல் உட்பட. டப்பாவில் 3200 என்று போட்டிருக்கும் பல ஸ்டிக்குகள் தானாக அந்த வேகத்தில் ஓடாது. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை ஆன் செய்ய வேண்டும் (ஏஎம்டியின் டிடிஆர்5 போர்டுகளில் எக்ஸ்போ என்று பெயர் வரும்). இரண்டு மாதமாக மெதுவான ரேமில் ஆடிக்கொண்டு, விண்டோஸ் செட்டிங்கைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆன் செய்தேன். அதே நகரம், ஐந்து ஓட்டம். சராசரி 84-இலிருந்து 99. 1 சதவீத லோ 58-இலிருந்து 69. இது ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும் வித்தியாசம் இல்லை, கண்ணிலேயே தெரிகிறது.

ப்ராசஸருக்குத் தேவையான தகவல் ரேமில் இருந்தால் அது வந்து சேர ஏறக்குறைய 80 நானோசெகண்ட் ஆகும். 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது சுமார் 350 கிளாக் சுற்று. அவ்வளவு நேரமும் அந்த வேலை அப்படியே நிற்கும். ரைசனில் இன்னொரு பாதிப்பும் உண்டு. உள்ளே இருக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பு ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. 3200 ரேமுக்கு அது 1600 மெகாஹெர்ட்ஸ், 2133-க்கு 1066. ரேமோடு அதுவும் சேர்ந்து படுத்துவிட்டது.

ஜூன் 16, மாலை

கேள்வி கேட்டவரிடம் அதே இடத்தைப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு 3200 என்றே காட்டுகிறதாம். என் வியாதி அவருக்கு இல்லை.

ஜூன் 20

350 சுற்று பற்றி எழுதியதும் நினைவுக்கு வந்தது. ரேமுக்குப் போகாமலே இருந்துவிட்டால்? அதைத்தான் ஏஎம்டி செய்தது. ஏப்ரல் 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, பழைய 5800எக்ஸைவிட வேகம் குறைந்தது: 4.7-க்குப் பதில் 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் 32 எம்பி இருந்த எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 96 எம்பி ஆனது. கூடுதல் கேஷைச் சில்லுக்கு மேலே அடுக்கி ஒட்டிவிட்டார்கள். எல்3-இல் கிடைத்துவிட்டால் காத்திருப்பு 10 நானோசெகண்ட் அளவில் முடிந்துவிடும். வீடியோ எடிட்டிங்கில் அது கொஞ்சம் பின்தங்கியது, கேம்களில் மட்டும் தூக்கி அடித்தது. நகரம் கட்டும் கேம், விமான சிமுலேட்டர் மாதிரி சின்னச் சின்ன தகவலைத் திரும்பத் திரும்பத் தொடும் கேம்களுக்கு அது வரப்பிரசாதம்.

கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து ப்ராசஸர் வாங்கும் பழக்கம் எனக்கு பல வருடம் இருந்தது. அதை மாற்றியது இந்தச் சில்லுதான்.

ஜூன் 24

"அப்போ விண்டோஸுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. விண்டோஸ் 11 அக்டோபர் 2021-இல் வந்தபோது ரைசன் ப்ராசஸர்களில் எல்3 கேஷின் தாமதம் ஏகத்துக்கு ஏறிவிட்டது. போட்டி கேம்களில் 10 முதல் 15 சதவீதம் வரை போகலாம் என்று ஏஎம்டியே சொன்னது. அந்த மாதக் கடைசிக்குள் அப்டேட் வந்து சரியானது. ஆகஸ்ட் 2024-இல் இன்னொன்று: ப்ராசஸர் அடுத்த கட்டளை எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே ஊகிக்கும் வேலையில் விண்டோஸ் பக்கம் ஒரு திருத்தம் வந்தது. புதிய ரைசன்களில் கேம் வேகம் ஏறியது, முந்தைய தலைமுறையும் பயனடைந்தது. யாரும் எந்த பட்டனையும் அழுத்தவில்லை.

விண்டோஸ் வேகத்தைக் கெடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் இப்படி அடியில்தான் நடக்கிறது. அதனால்தான் அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

ஜூன் 27

நண்பர் ஒருவரிடம் ரைசன் 9 7950எக்ஸ்3டி ப்ராசஸர் இருக்கிறது. 16 கோர். "உன் 6 கோரைவிட என்னுடையது மோசமாக ஓடுகிறது" என்று போன் செய்தார். நேரில் போய்ப் பார்த்தேன்.

அந்தச் சில்லில் எட்டு எட்டாக இரண்டு பகுதி. ஒன்றில் மட்டும்தான் கூடுதல் கேஷ். கேம் ஓடும்போது கேஷ் உள்ள எட்டில் அதை நிறுத்தி, மற்ற எட்டைத் தூங்கவைக்க வேண்டும். ஓடுவது கேம்தான் என்று விண்டோஸுக்கு அடையாளம் காட்டுவது விண்டோஸோடு வரும் எக்ஸ்பாக்ஸ் கேம் பார். நண்பர் விண்டோஸ் போட்ட அன்றே, தேவையில்லாததை எல்லாம் நீக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை இறக்கி ஓட்டியிருக்கிறார். அது முதலில் தூக்கியதே கேம் பாரை! கேம் 16 கோரிலும் சிதறி, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போய் வந்துகொண்டிருந்தது. கேம் பாரைத் திரும்பப் போட்டு, சிப்செட் டிரைவரைப் புதிதாக நிறுவி, கேம் மோடை ஆன் செய்தோம். ரிசோர்ஸ் மானிட்டரில் மற்ற எட்டு கோர்களின் கட்டங்களில் "பார்க்ட்" (தூங்குகிறது) என்று வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்த மாதிரி ஸ்கிரிப்டை ஓட்டும் முன் அது எதை நீக்குகிறது என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். படிக்கத் தெரியவில்லை என்றால் ஓட்டாதீர்கள்.

ஜூலை 1

கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) அணைத்தால் வேகம் வராது, ரேம் தீர்ந்த நேரத்தில் கேம் மூடிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் கேமுக்கு ரியல்டைம் முன்னுரிமை கொடுத்தால் மவுஸும் ஒலியும் வரிசையில் பின்னால் போய்விடும், திக்கல் கூடும். அல்டிமேட் பெர்ஃபார்மன்ஸ் பவர் பிளான் டெஸ்க்டாப்பில் எனக்கு ஒரு எஃப்பிஎஸ்கூடக் கொடுக்கவில்லை. இன்றைய ப்ராசஸர்கள் வேகத்தை ஏற்றி இறக்குவதை மில்லிசெகண்ட் கணக்கில் தாங்களே செய்துகொள்கின்றன. எச்பிஇடி என்ற கணினிக் கடிகார டைமரைக் கமாண்ட் கொடுத்து மாற்றச் சொல்லும் பழைய அறிவுரையைத் தொடவே வேண்டாம். பின்னணியில் வீடியோ பதிவு ஓடிக்கொண்டிருந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள், அது உண்மையிலேயே உதவும்.

ஜூலை 6

பவர் பிளான் பற்றிச் சொன்னது டெஸ்க்டாப்புக்கு மட்டும். லேப்டாப்பில் நிலவரமே வேறு.

தங்கை மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் நத்தை." வெப்பம்தான் என்று நினைத்தேன். 70 டிகிரிதான் காட்டியது, விசிறியில் தூசியும் இல்லை. ப்ராசஸர் 15 வாட்டுக்கு மேல் எடுக்க மறுத்தது. கடைசியில் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன்: 65 வாட், டைப்-சி. லேப்டாப்போடு வந்தது 230 வாட், அது கனமாக இருக்கிறதென்று வீட்டிலேயே வைத்துவிட்டானாம். குறைச்சலை பேட்டரி பத்து நிமிஷம் ஈடுகட்டியிருக்கிறது, அப்புறம் லேப்டாப் தன்னைத்தானே சுருக்கிக்கொண்டது. மறுநாள் பெரிய சார்ஜரைக் கொண்டுவந்தான், பவர் மோடையும் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினோம். முடிந்தது.

ஜூலை 9

இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து வந்தவற்றில் மின்சாரம் குறைவாக எடுக்கும் சின்ன கோர்களை பயாஸில் அணைத்துவிடலாமா என்ற கேள்விக்கு: எல்லோரும் செய்ய வேண்டியதில்லை. எந்த வேலையை எந்தக் கோருக்கு அனுப்பலாம் என்று சில்லே விண்டோஸுக்குக் குறிப்புக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, விண்டோஸ் 11 அதைக் கேட்டு நடக்கும். பழைய கேம் ஏதாவது குழம்பினால் அந்தக் கேமை மட்டும் பெரிய கோர்களில் கட்டிப்போட்டுப் பாருங்கள். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லு வைத்திருப்பவர்கள் அதைவிட முக்கியமாக பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதிக மின்னழுத்தத்தால் சில்லு கெடுவதைத் தடுக்கும் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரல்) ஆகஸ்ட் 2024-இலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அப்டேட் போட்ட கையோடு மெமரி ப்ரொஃபைலை மறுபடி ஆன் செய்ய மறக்காதீர்கள், நான் பட்டது போதும்.

ஜூலை 13

கேள்வி கேட்டவர் விடவில்லை, நல்லது. எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் 55தான் என்கிறார். பக்கவாட்டு மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

படம் வந்தது. நான்கு ரேம் ஸ்லாட். ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் இரண்டிலும் ஸ்டிக்குகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. கடைசி இரண்டும் காலி.

ஜூன் 5-ஆம் தேதியே இதைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு ஸ்டிக் என்று சொன்னதும் விட்டுவிட்டேன், எந்த ஸ்லாட்டில் என்று கேட்கவில்லை. இந்த வகை போர்டில் முதல் இரண்டு ஸ்லாட்டும் ஒரே சேனல். இரண்டு ஸ்டிக் இருந்தும் ஒரே வழியில்தான் தகவல் போய் வந்திருக்கிறது. வேகம் 3200 என்று காட்டும், பாதை பாதிதான். சிபியு-இசட் என்ற மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். சேனல் என்ற இடத்தில் "சிங்கிள்".

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்டிக்குகளை இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டச் சொல்லியிருக்கிறேன். இரு பக்கமும் க்ளிக் என்று சத்தம் கேட்கும் வரை அழுத்த வேண்டும். முதல் முறை ஆன் செய்யும்போது திரை சற்று நேரம் கறுப்பாக இருந்தால் பதற வேண்டாம்.

ஜூலை 14

இப்போது "டூயல்". அதே இடத்தில் 55 இருந்தது 70 ஆகிவிட்டது. கார்டு 58-இலிருந்து 76 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறது. ஷூட்டரில் 100-க்குக் கீழே இறங்கவில்லையாம்.

ஜூலை 19

நகரம் ஒரு லட்சம் பேரைத் தாண்டியதும் மறுபடி 60-க்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். அது மெயின் த்ரெட்டின் எல்லை. அதற்கு பெரிய கேஷ் உள்ள சில்லுதான் வழி, இப்போதைக்கு வாங்கும் எண்ணம் இல்லை என்கிறார். வாங்கவும் வேண்டாம். நகரம் சின்னதாக இருக்கும்வரை எஃப்பிஎஸ்ஸை 72-இல் கட்டிப்போடச் சொன்னேன். 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும், ஏற்ற இறக்கம் இருக்காது. ஒரு லட்சத்துக்கு மேல் போனால் 48, ஃபிரேமுக்கு மூன்று முறை. நேற்று இரவு 48-இல் வைத்து மூன்று மணி நேரம் ஆடியிருக்கிறார். 60-இல் திக்கித் திக்கி ஓடியதைவிட இது வழுக்கிக்கொண்டு போகிறது என்று எழுதியிருக்கிறார். ஃபிரேம் நேர வரைபடத்தையும் அனுப்பியிருக்கிறார், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறது.